பழைய எண்ணெயில் 40 லிட்டர் பயோடீசல் பேட்ச்: கணக்கு சரிதானா, எங்கே சொதப்பும்?

பீப்பாய்40:
வணக்கம். பொரித்து ஆறிய பழைய எண்ணெயில் ஒரு தடவைக்கு 40 லிட்டர் பயோடீசல் எடுக்கத் திட்டம். கூரையில் 1 கிலோவாட் சோலார், கீழே 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி. வெயில் இல்லாத நாள்களில் 3 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரை இந்த எரிபொருளில் ஓட்டி பேட்டரியை ஏற்ற வேண்டும். கணக்கு இது:

எண்ணெய் 40 லிட்டர், டைட்ரேஷன் (காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டு எண்ணெயின் அமிலத்தை அளக்கும் சோதனை) அளவு 3. வினையூக்கி 90 சதவீதத் தூய்மையுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. லிட்டருக்கு 7 கிராம் அடிப்படை, அதனுடன் 3 சேர்த்து 10. 40 லிட்டருக்கு 400 கிராம். தூய்மைக்காக 0.9-ஆல் வகுத்தால் 444 கிராம். மெத்தனால் 22 சதவீதம், அதாவது 8.8 லிட்டர். 55 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கலக்கி, ஒரு இரவு அப்படியே விட்டு, கிளிசரினை இறக்கிவிட்டுத் தண்ணீரில் கழுவுவது. கலன், பழைய மின்சார வெந்நீர்த் தொட்டி, 80 லிட்டர்.

தவறு இருந்தால் சொல்லுங்கள். கலக்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

துளிக்கணக்கு:
444 தவறு நண்பரே. பெரிய தவறு இல்லை, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்வது முக்கியம். டைட்ரேஷன் கரைசலை எந்தப் பொடியில் தயாரித்தீர்கள்? அதே 90 சதவீதப் பொடியில் 1 கிராம் எடுத்து 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்திருந்தால், அந்த 3 என்ற எண்ணிலேயே தூய்மைக் குறைவு அடங்கிவிட்டது. அடிப்படை 7-ஐ மட்டும்தான் 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 7.78. அதனுடன் 3 சேர்த்தால் 10.78, 40 லிட்டருக்கு 431 கிராம். 444 போட்டாலும் டீசல் வரும். கூடுதல் 13 கிராமும் சோப்பாகப் போய், கழுவும்போது வந்து நிற்கும்.

டைட்ரேஷனையும் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதவில்லையே. 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 1 மி.லி. எண்ணெய். எண்ணெயை ஊசிக்குழலில் எடுக்கும்போது குமிழ் இருக்கக் கூடாது. 1 மி.லி.யில் 0.1 தவறினாலே முடிவு பத்தில் ஒரு பங்கு தவறும். எண்ணெய் சேர்ப்பதற்கு முன் வெறும் ஆல்கஹாலை ஒருமுறை டைட்ரேட் செய்யுங்கள். ஆல்கஹாலுக்கே கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும், அதை எண்ணெயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வெறும் ஆல்கஹால் நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்துதான் எண்ணெயின் எண்ணிக்கை தொடங்க வேண்டும்.

நிறம் மாறிக் காட்டும் பினால்ப்தலின் கிடைக்கவில்லை என்றால் மஞ்சள்தூள் போதும். ஒரு சிட்டிகையை ஆல்கஹாலில் ஊறவைத்துத் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். துளி விழுந்த இடத்தில் செங்கல் நிறம் பூத்து, ஆட்டினால் மறைந்து மறுபடி மஞ்சளாகும். அது முடிவு இல்லை. ஆட்டிய பிறகும் அந்தச் சிவப்பு 20 விநாடியாவது நிற்க வேண்டும். பழைய எண்ணெய் கருத்திருந்தால் பினால்ப்தலினின் இளஞ்சிவப்பைவிட இதுதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

ஈரப்பகை:
பொடிக் கணக்கு சரி. ஆனா தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லையே! பாதி பேட்ச் கெடுறது அங்கதான்.

கொழுப்பு அமிலம் இருந்தா டைட்ரேஷன் காட்டிக் கொடுத்துடும். தண்ணியை எந்த டைட்ரேஷனும் காட்டாது. தண்ணி இருந்தா காரம் எண்ணெயை உடைச்சு அமிலமாக்கி, அதையே சோப்பாக்கும். வினையூக்கியும் போச்சு, எண்ணெயும் போச்சு. காலையில திறந்து பார்த்தா ரெண்டு அடுக்குக்குப் பதிலா கஞ்சி மாதிரி ஒரே கட்டியா இருக்கும்.

சோதனை சுலபம். கனமான இரும்புச் சட்டியை நல்லா சூடாக்கி, அதுல ஒரு கரண்டி எண்ணெய் ஊத்துங்க. சடசடன்னு வெடிச்சா தண்ணி தாராளமா இருக்கு. சின்னக் குமிழ் மட்டும் வந்தாலும் இன்னும் காயலைன்னுதான் அர்த்தம். ஒண்ணுமே இல்லாம எண்ணெய் அமைதியா கிடக்கணும். எண்ணெயை டிரம்மோட அடியிலிருந்து எடுத்துச் சோதிங்க, மேலே எப்பவும் தெளிவாத்தான் இருக்கும்.

காயவைக்க: 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு நாள் அசைக்காம விட்டு, அடி வால்வைத் திறந்து முதல்ல வர்றதை எல்லாம் தனியா எடுத்துடுங்க. அப்புறம் பம்ப் வெச்சு எண்ணெயைச் சுத்த விட்டு, மேலேயிருந்து பூவாளி மாதிரி தெளிக்க விடுங்க, தொட்டி மூடி திறந்திருக்கட்டும். 60 டிகிரியில 2, 3 மணி நேரம். 100 டிகிரிக்கு மேல கொதிக்க வைக்கிற முறையும் உண்டு, ஆனா அடியில தண்ணி தேங்கியிருந்தா திடீர்னு ஆவியாகிக் கொதிக்கிற எண்ணெயை முகத்துல அடிக்கும். அந்த வழி வேண்டாம்.

பீப்பாய்40:
நன்றி. அதே 90 சதவீதப் பொடிதான், 431 என்று திருத்திக்கொள்கிறேன். டைட்ரேஷன் 3 என்றால் அமிலம் எவ்வளவு சதவீதம்? எந்த அளவுக்கு மேல் எண்ணெயை ஒதுக்க வேண்டும்?

துளிக்கணக்கு:
பொட்டாசியம் அளவை 0.55-ஆல் பெருக்குங்கள். 3 என்றால் சுமார் 1.65 சதவீதம். சோடியம் ஹைட்ராக்சைடில் டைட்ரேட் செய்தால் பெருக்கும் எண் 0.77. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் அளவைச் சொல்லும்போது எந்தக் காரம் என்றும் சொல்லிவிட வேண்டும்.

டைட்ரேஷன் எண் 5 வரை நேராகச் செய்யலாம். அதற்கு மேல் சோப்பு கூடும், விளைச்சல் குறையும். அப்படிப்பட்ட எண்ணெய்க்கு முந்தைய பேட்சில் இறக்கிய கிளிசரினே மருந்து. அதில் செலவாகாத காரமும் மெத்தனாலும் இருக்கும். புது எண்ணெயில் அதை ஊற்றி 55 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கிப் படியவிட்டு இறக்குங்கள். அமிலத்தின் ஒரு பகுதி சோப்பாகி கிளிசரினோடு போய்விடும், எண்ணெயில் உள்ள ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். பிறகு புதிதாக டைட்ரேட் செய்தால் எண் இறங்கியிருக்கும். கந்தக அமிலம் போட்டு அமிலத்தையே எஸ்டராக்கும் (பயோடீசல் என்பதே எஸ்டர்தான்) முறையும் இருக்கிறது. முதல் பத்து பேட்ச் முடியும் வரை அதன் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஊசிமுனை:
இத்தனை வேலை எதற்கு என்று யாராவது கேட்க வேண்டும், நானே கேட்கிறேன். எண்ணெயை நன்றாக வடிகட்டி, எஞ்சின் வெந்நீரில் 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி நேராக எரிக்கலாமே? 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. மெத்தனாலும் வேண்டாம், காரமும் வேண்டாம்.

வெயில்வாட்:
அது மெதுவாகச் சுற்றும் பெரிய எஞ்சின். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 3000 சுற்றில் ஓடும் சின்ன நேரடி ஊசி எஞ்சின். தாவர எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரியில் விநாடிக்கு 30 முதல் 40 சதுர மி.மீ. வரை, பயோடீசலுக்கு ஐரோப்பியத் தரம் 3.5 முதல் 5. பாகு கூடினால் ஊசி பனியாகத் தெளிக்காது, தாரையாகப் பீய்ச்சும். எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கி அதைக் கெட்டியாக்கும், பிஸ்டன் வளையம் கரியில் ஒட்டிக்கொள்ளும். இதுபோன்ற சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் காற்றில் குளிர்பவை. அதில் சூடாக்க வெந்நீர் எங்கே இருக்கிறது? மறைமுக ஊசி கொண்ட பழைய பெரிய எஞ்சினுக்கு உங்கள் யோசனையைப் பேசலாம், இதற்குப் பொருந்தாது.

ஊசிமுனை:
காற்றுக் குளிர்ச்சி என்பதை நான் கவனிக்கவில்லை. ஏற்கிறேன். அப்படியானால் எஸ்டர்தான் வழி.

கொள்கலன்:
இப்போது தொட்டி. வெந்நீர்த் தொட்டி நல்ல தேர்வு, 80 லிட்டரும் சரி, 40-உம் 8.8-உம் போக மேலே இடம் வேண்டும். ஆனால் சில விஷயங்கள் உயிர் சம்பந்தப்பட்டவை.

ஒன்று, உள்ளே துருத் தடுப்புக்காக ஒரு மெக்னீசியம் அல்லது அலுமினியக் கம்பி தொங்கும். அதைக் கழற்றி அந்தத் துளையை இரும்பு அடைப்பானால் மூடுங்கள். அலுமினியத்தின் மேல் காரம் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். நாகம் பூசிய குழாய்க்கும் அதே விதி. பித்தளையும் செம்பும் வெடிக்காது, ஆனால் செய்த டீசலைச் சீக்கிரம் கெட்டுப்போகவைக்கும். கருப்பு இரும்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு வால்வு போடுங்கள்.

அடுத்தது ஹீட்டர். எண்ணெய் 55-ஐத் தொட்டதும் அணைத்து, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் மெத்தனால் பக்கம் போக வேண்டும். மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி, தீப்பற்றும் நிலை 11 டிகிரிதான். பகலில் அதன் நெருப்பு கண்ணுக்கே தெரியாது. தொட்டியின் ஆவிக்குழாய் கூரைக்கு வெளியே போகட்டும். முழுவதும் மூடிய தொட்டி கூடாது, அழுத்தம் ஏறும்.

பம்ப் மோட்டாரையும் பாருங்கள். கார்பன் பிரஷ் வைத்தது வேண்டவே வேண்டாம். தண்ணீர் பம்புகளிலும் சிலவற்றுக்குள் ஸ்டார்ட் கெப்பாசிட்டரைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது தீப்பொறி விடும். ஓடும்போதும் கெப்பாசிட்டர் இணைப்பில் இருக்கும் வகை மோட்டாரில் அந்தச் சுவிட்ச் கிடையாது, அதை வாங்குங்கள். பம்பும் சுவிட்சும் திறந்தவெளியில், தொட்டியிலிருந்து எட்ட இருக்கட்டும். எண்ணெய் மட்டம் பார்க்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் வைக்கும் பழக்கம் ஆபத்தானது. அது விறைத்து ஒருநாள் நழுவும், 48 லிட்டரும் தரையில் கொட்டும்.

மெத்தாக்சைடு, அதாவது மெத்தனாலில் பொடியைக் கரைத்த திரவம், கலக்க வெள்ளை எச்.டி.பி.இ. (கெட்டியான பாலித்தீன்) கேன், இறுக்கமான மூடி. மெத்தனாலில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் சூடேறி ஆவி கிளம்பும். மூடி, ஆட்டி, மூடியை மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை விட்டு, மறுபடி ஆட்டுங்கள். அடியில் ஒரு துணுக்கும் தங்காமல் கரைய வேண்டும். இந்தத் திரவம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறி கண் நரம்பைக் கெடுக்கும். முழங்கை வரை கையுறை, முகக் கவசம், பக்கத்தில் திறந்து ஓடும் தண்ணீர்க் குழாய். கரித்துகள் முகமூடியை நம்பாதீர்கள். மெத்தனாலுக்கு அது வெகுவிரைவில் நிறைந்துவிடும். திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி நின்று வேலை செய்வதே பாதுகாப்பு.

பீப்பாய்40:
கம்பி விஷயம் எனக்குத் தெரியாது. மிக்க நன்றி. ஒரு மணி நேரம் கலக்கினால் வினை முடிந்ததா என்று எப்படி அறிவது?

துளிக்கணக்கு:
நேரத்தை நம்பாதீர்கள், 3/27 சோதனை செய்யுங்கள். கொஞ்சம் மாதிரி எடுத்துப் படியவிட்டு, மேல் பகுதியில் 3 மி.லி. எடுத்து 27 மி.லி. மெத்தனாலில் விட்டு ஆட்டி, 10 நிமிடம் வையுங்கள். எஸ்டர் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாது. குப்பியைச் சாய்த்து அடி மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு மஞ்சள் முத்து உருண்டாலும் வினை முடியவில்லை. மாதிரியும் மெத்தனாலும் 20 முதல் 22 டிகிரியில் இருக்க வேண்டும். சூடாக இருந்தால் மாறாத எண்ணெயும் கொஞ்சம் கரைந்து பொய்யான வெற்றி காட்டும்.

இரண்டு கட்டமாகச் செய்தால் தோல்வி குறையும். மெத்தாக்சைடில் 80 சதவீதத்தை முதலில் விட்டு ஒரு மணி நேரம் கலக்கி, அரை மணி படியவிட்டு கிளிசரினை இறக்குங்கள். மீதி 20 சதவீதத்தைப் பிறகு விடுங்கள். கிளிசரின் அருகிலேயே இருந்தால் வினை முழுமைக்குப் போகாமல் சமநிலையில் நின்றுவிடும். நடுவில் அதை எடுத்துவிட்டால் முன்னோக்கி ஓடும். எண்ணெய்க்கு உண்மையில் வேண்டிய மெத்தனால் சுமார் 12.5 சதவீதம்தான். 22 போடுவதே வினையை இழுத்துச் செல்லத்தான்.

கிளிசரினை இறக்கும்போது வால்வுக்குக் கீழ் கண்ணை வையுங்கள். முதலில் கருப்புக் காபி நிறத்தில் கெட்டியாகக் கயிறுபோல் இறங்கும். நிறம் தேனாகி, தாரை மெலிந்து சலசலக்கத் தொடங்கியதும் மூடுங்கள். கூடுதலாக ஒரு லிட்டர் போனாலும் பரவாயில்லை. டீசலுக்குள் தங்கும் கிளிசரின் ஊசியில் கரியாகப் படியும்.

ஈரப்பகை:
கழுவுறதைப் பத்தி: 3/27 தேறாத பேட்சைக் கழுவவே கழுவாதீங்க. பாதி மாறின மோனோகிளிசரைடு, டைகிளிசரைடு எல்லாம் எண்ணெயையும் தண்ணியையும் ஒட்டவைக்கிற சரக்கு. கழுவினா மயோனைஸ்தான்.

கழுவ முன்னாடி ஒரு குப்பி சோதனை. பாதி டீசல், பாதி தண்ணி, 10 விநாடி பலமா குலுக்கி வைங்க. சில நிமிஷத்துல பிரிஞ்சு, மேலே அம்பர், கீழே பால் மாதிரி தண்ணி, நடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடு, அப்படி இருந்தா சரி. அந்தக் கோடு விரல் தடிமனுக்கு வந்தா சோப்பு அதிகம். முதல் கழுவலுக்கு வெதுவெதுப்பான தண்ணியைப் பனி மாதிரி தெளிக்கணும், கலக்கவே கூடாது. டீசல் அளவுல மூணுல ஒரு பங்கு தண்ணி. இறக்கிட்டு ரெண்டாவது கழுவலுக்குக் குமிழ் விடலாம். மூணாவதுலதான் பம்ப் போட்டுக் கலக்கலாம். தண்ணி தெளிவா வந்ததும் நிறுத்துங்க.

கட்டிப்போச்சுன்னா பயப்பட வேண்டாம். 50 டிகிரிக்குச் சூடாக்கி உப்புத்தண்ணி விட்டுப் பாருங்க. வினிகர் சீக்கிரமா பிரிக்கும், ஆனா சோப்பை மறுபடியும் கொழுப்பு அமிலமாக்கி டீசலுக்குள்ளேயே விட்டுடும். கடைசி வழியா வெச்சுக்கோங்க.

கொள்கலன்:
தண்ணீர் இல்லாமல் மெக்னீசியம் சிலிகேட் பொடி அல்லது அயனி மாற்றுப் பிசினில் வடிக்கும் உலர் கழுவலையும் சொல்ல வேண்டும். கழிவுநீர் இல்லை, டீசலை மறுபடி காயவைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மெத்தனாலை முதலில் ஆவியாக்கி எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் பிசினில் விட்டால் மெத்தனால் சோப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும்.

ஈரப்பகை:
அதனாலதான் முதல் பேட்சுக்குத் தண்ணியே மேல்னு சொல்றேன். தண்ணி மெத்தனாலையும் சேர்த்தே எடுத்துடும். குளிர்விப்பான் வெச்சு மெத்தனால் மீட்கிற ஏற்பாடு வந்த பிறகு பிசினுக்குப் போகலாம். கழுவின பிறகு 50, 60 டிகிரியில பூவாளி மாதிரி சுத்தவிட்டுக் காயவைங்க. அறைச் சூட்டுக்கு ஆறினதும் ஒரு கண்ணாடிக் குப்பியில ஊத்தி, பின்னாடி அச்செழுத்து வெச்சுப் படிங்க. சூடா இருக்கும்போது தெளிவா தெரிஞ்சா அது கணக்கில்லை. ஆறினதும் மங்கினா இன்னும் தண்ணி இருக்கு. தண்ணிக்குத் தர வரம்பு 500 பி.பி.எம். (பத்து லட்சத்துல 500 பங்கு), கண்ணுக்குத் தெளிவா இருக்கிறது அதுக்கு அவசியம், ஆனா அது மட்டுமே போதாது. சந்தேகம்னா அரை மணி கூடுதலா சுத்தவிடுங்க.

வெயில்வாட்:
இனி மின்சாரப் பக்கம். லிட்டருக்கு பயோடீசலில் சுமார் 33 மெகாஜூல், அதாவது 9.2 கிலோவாட்-மணி வெப்பம். 3 கே.வி.ஏ. அளவு ஜெனரேட்டரில் கால் பங்குதான் மின்சாரமாகும்: லிட்டருக்கு 2.3 யூனிட் என்று கணக்கு வையுங்கள். 40 லிட்டர் சுமார் 90 யூனிட். நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் பலகை நாளுக்கு 4 யூனிட் தரும். உங்கள் ஒரு பேட்ச் அதன் மூன்று வார உழைப்புக்குச் சமம். அதனால் அன்றாடத் தேவையைச் சோலார் சுமக்கட்டும், இந்த டீசல் சேமிப்பாக இருக்கட்டும். ஏற்கெனவே அப்படித்தான் யோசித்திருக்கிறீர்கள், சரியான யோசனை.

செய்யக் கூடாதது, இரண்டு விளக்குக்காக ஜெனரேட்டரை இரவெல்லாம் ஓட்டுவது. 30 சதவீதத்துக்குக் கீழ் சுமையில் சிலிண்டர் சூடேறாது, எரியாத எரிபொருள் புகைக்குழாயில் கருப்பு ஈரமாக வடியும், ஆயிலில் கலக்கும். பயோடீசலின் கொதிநிலை உயர்வு, ஆயிலில் இறங்கினால் டீசலைப்போல எளிதில் ஆவியாகாது. ஆகவே சுமையை ஏற்றி, நேரத்தைச் சுருக்குங்கள். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் பேட்டரிக்கு 1.6 கிலோவாட். 20-இலிருந்து 90 சதவீதம் வரை 3.6 யூனிட், சார்ஜர் இழப்போடு 4. இரண்டேகால் மணி நேரத்தில், 1.7 லிட்டரில் முடியும்.

சார்ஜர் வாங்கும்போது பவர் ஃபேக்டர் (இழுக்கும் கே.வி.ஏ.வில் உண்மையில் வேலையாகும் கிலோவாட்டின் பங்கு) பாருங்கள். திருத்தம் இல்லாத சார்ஜர் 0.65-இல் ஓடும், 1.8 கிலோவாட் இழுக்க 2.8 கே.வி.ஏ. கேட்கும், உங்கள் மெஷின் திணறும். திருத்தம் உள்ளது 0.95-க்கு மேல், அதே வேலைக்கு 1.9 கே.வி.ஏ. போதும். வீட்டு வயரிங்கோடு சேர்ப்பதென்றால் ஒன்றை முழுதாகத் துண்டித்த பிறகே மற்றதை இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். வெளி மின்கம்பியில் வேலை செய்பவர் உயிர் அதில் இருக்கிறது.

ஊசிமுனை:
எஞ்சினுக்கு என் பங்கு: எரிபொருள் குழாய் சாதாரண ரப்பராக இருந்தால் ஊதி மெத்தென்றாகும். விட்டான் என்ற எரிபொருள் தாங்கும் ரப்பர் வகைக்கு மாற்றுங்கள். தொட்டியில் பல வருட டீசல் அழுக்கு ஒட்டியிருந்தால் பயோடீசல் அதைக் கரைத்து இழுத்து வரும். முதல் 10 லிட்டரில் ஃபில்டர் அடைக்கும். இரண்டு ஃபில்டர் கையில் வைத்துக்கொண்டு, 20 சதவீதக் கலப்பில் தொடங்கி ஏற்றுங்கள். எஞ்சின் ஆயிலைச் சொன்ன காலத்தில் பாதியிலேயே மாற்றுங்கள். பாமாயில் கலந்த எண்ணெய் என்றால் 15 டிகிரி வாக்கில் மங்கி உறையத் தொடங்கும், குளிர்காலத்தில் சாதா டீசல் கலந்தாக வேண்டும்.

பீப்பாய்40:
தொகுத்துக்கொண்டேன்: 431 கிராம், 80/20 இரண்டு கட்டம், சட்டி சோதனை, 3/27, தண்ணீர்க் கழுவல். இரண்டு சந்தேகம் மீதி. செய்த டீசல் எத்தனை மாதம் தாங்கும்? இறங்கும் கிளிசரினை என்ன செய்வது?

கொள்கலன்:
6 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். டிரம்மை விளிம்புவரை நிரப்பி, இருட்டில் வையுங்கள். மேலே காற்று இருந்தால் ஆக்சிஜனேற்றம், இரவு ஈரம் படிந்தால் அடியில் பூஞ்சைச் சேறு. டீசலும் எண்ணெயும் துடைத்த துணியைக் குவித்துப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது ஒவ்வொன்றாக விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

துளிக்கணக்கு:
கிளிசரின் 40 லிட்டருக்கு 6 முதல் 8 லிட்டர் வரும். மூடிய கேனில் வைத்து அடுத்த எண்ணெயின் முன்வினைக்கு விடுங்கள், முதலில் சொன்னதுபோல. அதன் பிறகு மிஞ்சுவதில் மெத்தனாலை முழுவதும் எடுத்துவிட்டு, உலர்ந்த இலை, மரத்தூளோடு கொஞ்சம் கொஞ்சமாக மக்கவைக்கலாம். நீங்கள் பொட்டாசியம் பயன்படுத்துவதால் இது முடிகிறது. காஸ்டிக் சோடாவில் செய்தால் அந்தச் சோடியம் மண்ணைக் கெடுக்கும். மெத்தனால் போய்விட்டதா என்று மோந்து பார்க்காதீர்கள். மீட்கும்போது குளிர்விப்பானிலிருந்து சொட்டுவது நின்று, கிளிசரினின் சூடு 64.7-ஐ நன்றாகத் தாண்டி ஏறத் தொடங்கியதா என்று வெப்பமானியைப் பாருங்கள்.

பீப்பாய்40:
சரி. முதலில் 1 லிட்டர் எண்ணெயை மட்டும் ஒரு பெரிய குப்பியில் இதே விகிதத்தில்: பொடி 10.8 கிராம், மெத்தனால் 220 மி.லி. அது 3/27 தேறினால்தான் தொட்டியை நிரப்புவேன்.

துளிக்கணக்கு:
பொடியை எடைபோடும் தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும். பொட்டாசியம் பொடி காற்றிலிருக்கும் ஈரத்தை நொடியில் உறிஞ்சும், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிறுக்காதீர்கள்.